துரை எழுந்த நாற்காலியில் யார் உட்கார்ந்தார்? மலாயா அரசாங்க வேலை பற்றி ஒரு கேள்வியும் தொடர்ந்த குறிப்புகளும்

மே 3 – ஈப்போ வாசகர் ஒருவரின் கேள்வி

எங்கள் தாத்தா அடிக்கடி சொல்வார்: "ஐம்பத்தேழுல வெள்ளைக்காரன் கப்பல் ஏறினான், மறுநாளே அவன் நாற்காலியில நம்ம ஆள் உட்கார்ந்தான்." அந்த "நம்ம ஆள்" யார்? தமிழர்களா, மலாய்க்காரர்களா, சிலோன்காரர்களா? அப்போது அரசாங்கத்தில் தமிழர்கள் நிறைய இருந்தார்கள் என்றால் பிறகு எங்கே போனார்கள்?

மே 3, இரவு

மறுநாளே யாரும் உட்காரவில்லை. 1957 ஆகஸ்ட் 31இல் கொடி மாறியது, அறைகளுக்குள் இருந்தவர்கள் அப்படியே இருந்தார்கள். போலீஸ் படைத் தலைவராக சர் கிளாட் ஃபென்னர் வந்ததே 1958இல், அதாவது சுதந்திரத்துக்குப் பிறகு. 1966 வரை அவர்தான். அப்புறம்தான் முகமது சாலே இஸ்மாயில். ராணுவத் தலைமைக்கு துங்கு ஒஸ்மான் வந்தது 1964. நீதித் துறைத் தலைவர் சர் ஜேம்ஸ் தாம்சன் 1966 வரை. பேங்க் நெகாராவை எடுத்துக்கொள்ளுங்கள், 1959இல் திறந்த புத்தம்புது மத்திய வங்கி, அதற்கே முதல் கவர்னர் வில்காக் என்ற ஆஸ்திரேலியர். இஸ்மாயில் முகமது அலி 1962இல் வந்தார்.

ஆக, தாத்தா சொன்ன "மறுநாள்" பத்து வருஷம் நீண்ட ஒரு நாள்.

இதற்கு அரசாங்கத்தில் வைத்திருந்த பெயர் மலாயனைசேஷன். வெளிநாட்டு அதிகாரிகளை அனுப்பிவிட்டு உள்ளூர்க்காரர்களை நியமிப்பது. சொல்லும்போது எளிது. உள்ளூர்க்காரன் யார் என்று கேட்ட உடனே சண்டை ஆரம்பம். எங்கள் குடும்பம் அந்தச் சண்டையின் நடுவில் இருந்தது, நாளை எழுதுகிறேன்.

மே 4

அப்பப்பா, அதாவது அப்பாவின் அப்பா, யாழ்ப்பாணத்திலிருந்து ரயில்வே கிராணியாக (குமாஸ்தாவாக) வந்தவர். மானிப்பாய்ப் பக்கத்து மிஷன் பள்ளிக்கூட ஆங்கிலம், அழகான கையெழுத்து, இரண்டும்தான் சொத்து. அந்தக் காலத்தில் மலாயாவில் ஆங்கிலம் படித்த உள்ளூர்ப் பிள்ளைகள் குறைவு, வெள்ளைக்காரர்களுக்குக் கிளார்க், ஸ்டேஷன் மாஸ்டர், சர்வேயர், டிரஸ்ஸர் எல்லாம் அவசரமாகத் தேவை. சிலோனில் ஆள் இருந்தது. மலாயாவின் முதல் ரயில் பாதை, தைப்பிங்கிலிருந்து போர்ட் வெல்டுக்கு, 1885இல் திறந்தது, போட்டவர்களே சிலோன் பயனியர் படை. ஏன், பேராக்கின் முதல் ரெசிடென்ட் (சுல்தானுக்கு ஆலோசகராக வைத்த பிரிட்டிஷ் அதிகாரி) பர்ச் துரையே சிலோனில் பல காலம் வேலை பார்த்துவிட்டு வந்தவர்தான். துரையும் கிராணியும் ஒரே ஊரிலிருந்து இறக்குமதி என்று அப்பா கிண்டல் செய்வார்.

ஆனால் துரை ஏறும் ஏணியில் கிராணிக்கு இடம் கிடையாது. 1904இல் காலனி ஆபீஸ் ஒரு விதி போட்டது: மலாயாவுக்கும் ஹாங்காங்குக்கும் ஆள் எடுக்கும் கேடட் (பயிற்சி அதிகாரி) தேர்வை எழுத, தாய் வழி தந்தை வழி இரண்டிலும் ஐரோப்பிய வம்சமாக இருக்க வேண்டும். எழுத்திலேயே போட்ட விதி. சிலோனில் அந்த விதி இல்லை. பொன்னம்பலம் அருணாசலம் 1875லேயே லண்டன் தேர்வில் தேறி சிலோன் சிவில் சர்வீஸில் சேர்ந்துவிட்டார், ஜட்ஜ், ரெஜிஸ்ட்ரார் ஜெனரல் என்றெல்லாம் இருந்தார், 1901 சென்சஸை நடத்தியவர் அவர். அவருடைய பூர்வீகமும் மானிப்பாய்ப் பக்கம்தான். அதே ஊரிலிருந்து கப்பல் ஏறி கோலாலம்பூர் வந்தவர் எவ்வளவு கெட்டிக்காரராக இருந்தாலும் சீஃப் கிளார்க்கோடு சரி.

இந்த வித்தியாசம் அப்பப்பாவுக்குத் தெரியாமல் இருந்திருக்காது. தெரிந்தும் வந்தார். சம்பளம், குவார்ட்டர்ஸ், பென்சன்.

மே 4, பிறகு

ஒருவர் கேட்கிறார்: "அப்போ மலாய்க்காரர்களுக்கு மட்டும் கதவு திறந்திருந்ததா?" பாதிக் கதவு. 1905இல் கோலகங்சாரில் மலாய் காலேஜ் திறந்தார்கள், பெரும்பாலும் ராஜ குடும்பத்துப் பிள்ளைகளும் பெரிய வீட்டுப் பிள்ளைகளும் படித்தது. 1910இல் அவர்களுக்கென்று மலாய் அட்மினிஸ்ட்ரேடிவ் சர்வீஸ் என்று ஒரு கீழ்த்தட்டு. அதில் வருஷக்கணக்காக உழைத்து, துரைமாருக்குப் பிடித்துப்போனால், அவர்களுடைய மேல்தட்டான மலாயன் சிவில் சர்வீஸுக்கு ஏற்றுவார்கள். ஏறியவர்கள் கொஞ்சம் பேர். சுல்தானின் நாடு, சுல்தானின் அரசாங்கம் என்று பெயர், அதிகாரி மட்டும் ஆக்ஸ்ஃபோர்டிலிருந்து வந்த இருபத்திரண்டு வயசுப் பையன்.

மற்றவர்களுக்கு 1934இல் ஸ்ட்ரெய்ட்ஸ் செட்டில்மென்ட்ஸ் சிவில் சர்வீஸ் என்று தனியாக ஒன்று வந்தது. சிங்கப்பூர், பினாங்கு, மலாக்கா மூன்று ஊருக்கும். மலாக்காவின் சீனத் தலைவர் தான் செங் லோக் மாதிரி ஆட்கள் சட்டசபையில் கத்திக் கத்தி வாங்கியது. அதுவும் தனி அறைதான், பெரிய வீட்டுக்குள் விடவில்லை.

மே 6

ஆபீஸ் எப்படி ஓடியது என்று தெரியாமல் இதைப் பேசினால் பதவிப் பெயர் பட்டியலாகிவிடும், அதனால் கொஞ்சம் விரிவாக.

நானும் அரசாங்க வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். சேர்ந்த புதிதில் பழைய ஃபைல்களைப் பிரித்துப் படிப்பதுதான் என் வேலை, பாதி பேர் அதைத் தண்டனை என்று நினைத்தார்கள், எனக்குப் பிடித்திருந்தது. ஃபைலின் இடது பக்கம் மினிட் ஷீட். கீழே இருப்பவர் எழுதுவார், மேலே இருப்பவர் அதற்குக் கீழே எழுதுவார், இப்படியே பக்கம் பக்கமாக ஒரு விவாதம் ஓடும். ஐம்பதுகளுக்கு முந்தைய ஃபைல்களில் ஒரே மாதிரி ஒரு நடை இருக்கும். சீஃப் கிளார்க் மூன்று பத்தி எழுதியிருப்பார்: இதற்கு முன்னால் இப்படி ஒரு கேஸ் வந்தது, அப்போது இப்படி முடிவானது, இன்ன சுற்றறிக்கை இப்படிச் சொல்கிறது, ஆகவே இப்படிச் செய்யலாம் என்று சமர்ப்பிக்கிறேன். கீழே துரை ஒரே சொல்லில் சரி என்று எழுதிக் கையெழுத்துப் போட்டிருப்பார். மூன்று வருஷத்தில் லீவு போட்டு ஊருக்குப் போவார், வேறு துரை வருவார், அவரும் சரி என்று எழுதுவார். கிளார்க்கின் கையெழுத்து மட்டும் மாறாது.

ஆகவே "நாற்காலியில் யார் உட்கார்ந்தார்" என்பதற்கு முன்னால், அந்த நாற்காலியின் வேலையை யார் பார்த்துக்கொண்டிருந்தார் என்று கேட்க வேண்டும். எல்லாத் துறையிலும் இப்படியே என்று சொல்ல மாட்டேன். காடு, சுரங்கம், மருத்துவம், நீர்ப்பாசனம் இதிலெல்லாம் வெள்ளைக்காரர்கள் வேலை தெரிந்தவர்கள், சேற்றில் இறங்கியவர்கள். மாவட்ட ஆபீசராகக் கிராமம் கிராமமாகச் சுற்றி மலாய் மொழியை நல்லபடி பேசியவர்களும் உண்டு. நான் சொல்வது தலைமைச் செயலக மேசை வேலையை.

1942 பிப்ரவரி 15இல் சிங்கப்பூர் ஜப்பானிடம் விழுந்த பிறகு இது பச்சையாகவே தெரிந்துபோயிற்று. துரைமார் சாங்கி சிறையில். ஜப்பான்காரன் மேலே உட்கார்ந்தான், அவனுக்கு மொழியும் தெரியாது, நம் ஃபைலும் தெரியாது. ரயில் ஓடியது, தண்ணீர் வந்தது, தபால் போனது. ஓட்டியவர்கள் யார்? 1945இல் துரைமார் திரும்பி வந்து பழைய அறையில் உட்கார்ந்தபோது, கீழே இருந்தவர்களின் பார்வை பழைய மாதிரி இல்லை என்று அப்பா சொல்வார்.

மே 6, இரவு

சம்பள விஷயத்தை விட்டுவிட்டேன், அதுதான் உண்மையில் எரிச்சல் மூட்டியது. ஒரே வேலைக்கு வெள்ளைக்காரருக்கு அதிகமாக ஒரு படி, கப்பல் டிக்கெட், நீண்ட லீவு, குவார்ட்டர்ஸில் முன்னுரிமை, குளிர்ச்சிக்கு மலை மேல் பங்களா. "வெளிநாட்டில் வந்து இருப்பதற்கான ஈடு" என்று விளக்கம். அப்பா வீட்டில் ஒரு கேள்வி ஓடும்: யாழ்ப்பாணத்திலிருந்து கடல் தாண்டி வந்த நாம் மட்டும் உள்நாட்டிலா இருக்கிறோம்? சம்பள விஷயத்தில் நாங்கள் உள்ளூர்க்காரர்கள். பதவி விஷயத்தில் வெளியூர்க்காரர்கள். இந்தக் கணக்குத்தான் கடைசிவரை எங்களைத் துரத்தியது.

மே 7

சிங்கப்பூர் தம்பி ஒருவர் கோ கெங் சுவீ பற்றி எழுதச் சொல்கிறார். சந்தோஷமாக.

1952இல் சிங்கப்பூர் அரசாங்கம் வெள்ளைக்கார அதிகாரிகளுக்கு மட்டும் ஒரு குடும்பப் படி கொடுத்தது. உள்ளூர் அதிகாரிகள் கொதித்துப் போனார்கள். கூட்டு நடவடிக்கை மன்றம் என்று ஒன்று உருவாயிற்று, முன்னால் நின்றவர்கள் சமூக நலத் துறையில் இருந்த கோ கெங் சுவீயும் கே. எம். பர்னும். ஊர்வலம், மனு, கூட்டம். கோட்டும் டையும் போட்ட அரசாங்க அதிகாரிகள் தெருவில் இறங்கிப் பார்த்திராத ஊர். அரசாங்கம் இறங்கி வந்தது. பிறகு மக்கள் செயல் கட்சியை உருவாக்கியவர்கள் இந்த வட்டத்தைச் சுற்றித்தான் கூடினார்கள்.

1959 ஜூனில் அதே கோ நிதி அமைச்சர். முதல் காரியமாக என்ன செய்தார் தெரியுமா? அரசாங்க ஊழியர்களின் படியை வெட்டினார். கஜானா காலி என்று சொன்னார், உண்மையும் அதுதான். ஆனால் ஏழு வருஷம் முன்னால் படிக்காகத் தெருவுக்கு வந்தவரின் கை. 1961இல் திருப்பிக் கொடுத்தார்கள்.

இன்னொரு வேடிக்கை. காலனி மனப்பான்மையைக் கழற்ற வேண்டும் என்று மூத்த அதிகாரிகளை வகுப்பில் உட்கார வைக்க 1959 ஆகஸ்டில் ஓர் அரசியல் பயிற்சி மையம் திறந்தார்கள். அதை நடத்தியவர் ஜார்ஜ் தாம்சன், வெள்ளைக்காரர்!

சிங்கப்பூரில் மலாயனைசேஷனுக்கு முறைப்படி ஒரு கமிஷன் உட்கார்ந்தது 1955இல், டேவிட் மார்ஷல் முதலமைச்சராக இருந்த காலம். தலைவர் டாக்டர் பி. ஆர். ஸ்ரீனிவாசன், பிறகு சிங்கப்பூர் பல்கலைக்கழகத் துணைவேந்தர் ஆனவர். அங்கே "உள்ளூர்" என்றால் சீனரா தமிழரா மலாய்க்காரரா என்ற கேள்வி பெரிதாக எழவில்லை. ராஜரத்தினம் யாழ்ப்பாணத்தில் பிறந்து சிரம்பானில் வளர்ந்தவர், அங்கே மந்திரியாகிவிட்டார். ஜோகூர் பாலத்துக்கு இந்தப் பக்கம் கதை வேறு.

மே 9

இந்தப் பக்கம்.

1953இல் மலாயன் சிவில் சர்வீஸை மலாய்க்காரர் அல்லாதவர்களுக்கும் திறந்தார்கள், ஆனால் கணக்கோடு: நான்கு மலாய்க்காரருக்கு ஒருவர். 1957இல் ரீட் கமிஷன் எழுதிக்கொடுத்த அரசியல் சட்டத்தில் 153ஆம் பிரிவாக மலாய்க்காரர்களின் சிறப்பு நிலை உட்கார்ந்தது, அரசாங்க வேலைக் கோட்டாவும் அதற்குள். மருத்துவம், பொறியியல் மாதிரி தொழில்நுட்பத் துறைகளில் அந்தக் கோட்டா அப்படி இல்லை. அதனால்தான் அறுபதுகளில் எங்கள் ஆட்கள் டாக்டர்களாகவும் பொதுப்பணித் துறை இன்ஜினியர்களாகவும் ரயில்வே அதிகாரிகளாகவும் தெரிந்தார்கள், மாவட்ட ஆபீசராக அபூர்வமாகத்தான் தெரிந்தார்கள்.

அப்பா ஆபீஸில் நடந்தது. துரை போனார், ஒரு மலாய் இளைஞர் அதிகாரியாக வந்தார், கோலகங்சார் படிப்பு. வந்த முதல் வாரமே அப்பா மேசைக்குத் தானே வந்து, "எனக்கு இந்த ஃபைல்களைச் சொல்லிக் கொடுங்கள்" என்று கேட்டாராம். துரைமார் அப்படிக் கேட்டதில்லை, அழைப்பு மணி அடிப்பார்கள். அப்பா எல்லாம் சொல்லிக் கொடுத்தார். பெருநாளுக்கு அவர் வீட்டிலிருந்து ரெண்டாங் வரும், தீபாவளிக்கு எங்கள் வீட்டிலிருந்து முறுக்குப் போகும். அவர் மேலே மேலே போனார். அப்பா அதே மேசையில் ஓய்வு பெற்றார். அப்பா இதைக் கோபமில்லாமல் சொல்வார். அம்மாவுக்குக் கோபம் இருந்தது, முறுக்குச் சுடும்போது அது வெளியே வரும்.

மே 9, இரவு

மேலே எழுதியதைப் படித்துவிட்டு "பாவம் சிலோன் தமிழர்" என்று வரிசையாக வந்துவிட்டது. கொஞ்சம் பொறுங்கள்.

சின்ன வயதில் எனக்கும் அம்மாவின் கோபம்தான். பிறகு மலாய் நண்பர்களோடு வேலை செய்து, அவர்கள் வீட்டுக் கதையைக் கேட்டபோது அது வேறு பக்கம் திரும்பியது. அவர்கள் கேட்பது இது: எங்கள் மாநிலத்தில், எங்கள் சுல்தான் பேரில் நடக்கும் அரசாங்கத்தில், ரயில் ஸ்டேஷனுக்குப் போனால் சிலோன்காரர், தபால் ஆபீஸில் சிலோன்காரர், கருவூலத்தில் சிலோன்காரர், மேலே வெள்ளைக்காரர், நாங்கள் பியூனும் போலீஸ்காரனுமா? நியாயமான கேள்வி. அவர்கள் கண்ணில் அகற்ற வேண்டிய வெளிநாட்டுக்காரர் இரண்டு அடுக்கு, நாங்கள் எங்களை ஒரே அடுக்கிலிருந்து பார்த்தோம்.

அதோடு எங்கள் ஆட்கள் ஒன்றும் சும்மா இருந்தவர்கள் இல்லை. ஒருவர் சீஃப் கிளார்க் ஆனால் அடுத்த கப்பலில் மச்சான் வருவார், அதற்கடுத்து மச்சானின் தம்பி. ஊர், கோயில், சாதி எல்லாம் பார்த்துத்தான் சிபாரிசு. தோட்டத்துத் தமிழன் பிள்ளை ஆங்கிலம் படித்து வந்தால் "இவன் எந்தப் பக்கம்" என்று விசாரிப்பார்கள். கோலாலம்பூர் பிரிக்ஃபீல்ட்ஸ் குவார்ட்டர்ஸ் வராந்தாக்களில் "நாங்கள் இந்தியர் இல்லை, சிலோனீஸ்" என்று எத்தனை அழுத்தமாகச் சொன்னார்கள் என்பதை நான் கேட்டு வளர்ந்திருக்கிறேன். கேள்வி கேட்ட ஈப்போ தம்பியின் தாத்தா தோட்டத்திலிருந்து வந்தவர் என்றால், அவர் சொன்ன "நம்ம ஆள்" பட்டியலில் எங்கள் அப்பப்பா இருந்திருக்க மாட்டார்.

மே 10

"வெள்ளைக்காரனை வெறுங்கையோடு அனுப்பினார்கள்" என்று ஒருவர் எழுதியிருக்கிறார். இல்லவே இல்லை.

1956 ஜனவரி, பிப்ரவரியில் துங்கு அப்துல் ரஹ்மான் (பிறகு முதல் பிரதமர்) லண்டனில் பேசிய பேச்சில் சுதந்திரத்தோடு சேர்த்து முடிவான விஷயங்களில் ஒன்று, வெள்ளைக்கார அதிகாரிகளின் நஷ்டஈடு. வயது, சர்வீஸ், சம்பளம் மூன்றையும் வைத்து அட்டவணை. நாற்பதை ஒட்டிய வயதில் இருந்தவருக்கே அதிகம், அந்த வயதில் வேறு வேலை தேடுவது கஷ்டம் என்ற கணக்கு. சின்னப் பையனுக்குக் குறைவு, ஓய்வுக்குப் பக்கத்தில் இருப்பவருக்கும் குறைவு. மொத்தமாக ஒரு தொகை, அதற்கு மேல் சம்பாதித்த பென்சன். எப்போது போகலாம், எத்தனை மாசம் முன்னால் சொல்ல வேண்டும், எல்லாம் எழுத்தில். 1954லேயே லண்டன் காலனி சர்வீஸின் பெயரை மாற்றி மகாராணியின் கடல்கடந்த சிவில் சர்வீஸ் ஆக்கி, இதற்கான அடித்தளம் போட்டிருந்தது. நிறையப் பேர் பணத்தை வாங்கிக்கொண்டு இங்கிலாந்துக்கும் வேறு காலனிகளுக்கும் போனார்கள். சிலர் ஒப்பந்தத்தில் தங்கினார்கள்.

யாரையும் குறை சொல்லவில்லை. வேலை போகிறவனுக்கு ஈடு கொடுப்பது சரிதான். நான் கேட்பது வேறு. மேலே ஏறும் வழி அடைபட்ட கிளார்க்குக்கு அப்படி ஓர் அட்டவணை யார் போட்டார்? அவன் வேலை போகவில்லை, உண்மை. பதவி உயர்வு போயிற்று, பிள்ளைக்குக் கிடைக்கும் என்று எண்ணியது போயிற்று, அதற்கெல்லாம் சூத்திரம் கிடையாது. மலாயனைசேஷனில் கணக்குத் தீர்த்து மரியாதையாக வழியனுப்பப்பட்டவர்கள் துரைமார் மட்டும்தான்.

மே 10, பிறகு

கொழும்பு வாசகி ஒருவர் எழுதியிருப்பது முக்கியம்: "அதே 1956இல் இங்கே என்ன நடந்தது என்று நினைவிருக்கிறதா?" இருக்கிறதம்மா. பிப்ரவரியில் லண்டன் பேச்சு முடிந்தது, வருஷ நடுவில் கொழும்பில் சிங்களம் மட்டும் சட்டம். மலாயாவில் பிறந்து வளர்ந்த சிலோன் தமிழ்ப் பிள்ளைக்கு "உன் ஊருக்குப் போ" என்று சொல்வார்கள், ஊரில் அரசாங்க வேலைக்குச் சிங்களம் கேட்பார்கள். அப்பப்பா தலைமுறைக்கு ஒரு வழி இருந்தது: பென்சனை வாங்கிக்கொண்டு யாழ்ப்பாணம் போய், கல்வீடு கட்டி, "மலாயன் பென்சனியர்" என்ற பட்டத்தோடு கோயில் திருவிழா நடத்துவது. அப்பப்பா அதைத்தான் செய்தார். அப்பாவால் முடியவில்லை. அவர் மலாயா குடியுரிமைக்கு மனுப் போட்டு வரிசையில் நின்றார்.

மே 11

சின்னக் குறிப்பு. மெட்ராஸ் பற்றிக் கேட்டவருக்கு: இந்தியாவில் இதே சண்டை ஐ.சி.எஸ். (இந்தியன் சிவில் சர்வீஸ்) தேர்வை லண்டனோடு இந்தியாவிலும் நடத்த வேண்டும் என்ற வடிவத்தில் வந்தது. 1893இல் பிரிட்டிஷ் கீழவை அதற்கு ஆதரவாகத் தீர்மானமே போட்டது. மாகாண அரசாங்கங்களைக் கேட்டார்கள், மெட்ராஸ் ஒன்றைத் தவிர எல்லோரும் கூடாது என்றார்கள். கிடப்பில் போட்டுவிட்டு, 1922இல்தான் இந்தியாவில் தேர்வு. 1924இல் லீ கமிஷன் பதினைந்து வருஷத்தில் இந்தியர் பாதி, வெள்ளைக்காரர் பாதி என்று கணக்குப் போட்டது. இந்தியாவில் வேகம் போதவில்லை என்பதுதான் புகார். மலாயாவில் யாருக்காக என்பது.

மே 12

"ஆப்பிரிக்காவில் நன்றாகச் செய்தார்கள்" என்று ஒருவர். எங்கே?

வட நைஜீரியாவில் என்ன நடந்தது என்று பாருங்கள். அங்கே படித்த ஆட்கள் குறைவு, தெற்கே நிறைய. வடக்கு அரசாங்கம் என்ன சொன்னது? முதலில் வடக்கத்தியர், கிடைக்காவிட்டால் ஒப்பந்தத்தில் வெள்ளைக்காரர், அதற்கும் பிறகுதான் தென் நைஜீரியர். வெள்ளைக்காரன் ஒரு நாள் போய்விடுவான், தெற்கத்தியன் உட்கார்ந்தால் எழமாட்டான் என்ற கணக்கு. அதைப் படித்தபோது எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது, அவ்வளவு பழகிய முகம்.

டாங்கனிக்காவில் (இன்றைய டான்சானியா) அதிபர் நியரேரே 1964 ஜனவரியில் துணிந்து சொன்னார்: இனி ஆப்பிரிக்கர் என்று பார்ப்பதில்லை, குடிமகனா என்று மட்டும் பார்ப்போம். அங்கே குமாஸ்தா அடுக்கில் இருந்த இந்தியர்களுக்கும் அதில் இடம். அதே மாதம் 20ஆம் தேதி ராணுவம் கலகம் செய்தது, வெள்ளைக்கார அதிகாரிகளை அனுப்பு, சம்பளத்தை உயர்த்து என்று. கடைசியில் கலகத்தை அடக்க பிரிட்டிஷ் படையையே கூப்பிட வேண்டி வந்தது. மனுஷனுக்கு எப்படி இருந்திருக்கும்.

மே 14

சிலோன்காரர் யாருமே மேலே போகவில்லையா என்று கேட்கிறீர்கள். போனார்கள். துரைசிங்கம் 1951இல் பிரிட்டிஷ் ஹை கமிஷனர் கர்னி கொண்டுவந்த உறுப்பினர் முறையில் கல்விக்குப் பொறுப்பு, ஏறத்தாழ மந்திரி மாதிரி. அதற்கு முன்னால் சமூகங்களுக்கிடையே பேச்சு நடத்திய குழுவின் தலைவர். ஆனால் அது அரசியல் பதவி, சர்வீஸ் இல்லை.

சர்வீஸில் என்றால் எனக்குப் பிடித்த உதாரணம் கடற்படை. மலேசியக் கடற்படைக்குத் தலைமை தாங்கிக்கொண்டிருந்தவர்கள் ஆஸ்திரேலிய அதிகாரிகள். 1967 கடைசியில் அந்த இடத்துக்கு கே. தனபாலசிங்கம் வந்தார், வயது முப்பத்தொன்று. எங்கள் தெருவில் அன்றைக்கு எல்லா வீட்டுக்காரர்களும் அவருக்கு உறவு.

முப்பத்தொரு வயதில் கடற்படைத் தலைவர் என்பது இதில் இன்னொரு விஷயத்தையும் காட்டுகிறது. மேல் அடுக்கு ஒரே சமயத்தில் காலியானால் இளைஞர்கள் மளமளவென்று ஏறிவிடுவார்கள், பிறகு இருபது வருஷம் அவர்கள் எழமாட்டார்கள். அறுபதுகளின் தொடக்கத்தில் சேர்ந்தவர்கள் அதிர்ஷ்டசாலிகள். எழுபதுகளில் சேர்ந்த நாங்கள் முதுகுகளைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்தோம். இதில் இன வித்தியாசமே இல்லை, என்னோடு சேர்ந்த மலாய் நண்பர்களும் இதே புலம்பல்தான்.

மே 15

நாற்காலி மாறியது, பழக்கம் மாறியதா என்று ஒருவர் கேட்டிருக்கிறார். லேக் கிளப் தெரியுமல்லவா, கோலாலம்பூரில், வெள்ளைக்காரர்களின் கிளப். 1952இல் சிலாங்கூர் சுல்தானையே விருந்தாளியாக உள்ளே விட மறுத்த இடம், அப்போதைய ஹை கமிஷனர் டெம்ப்ளர் துரை கோபப்பட்டு மிரட்டித்தான் வழிக்கு வந்தார்கள். பத்து வருஷத்தில் அங்கே நம் நாட்டு அதிகாரிகள். அதே நாற்காலி, அதே விஸ்கி, பையனைக் கூப்பிடும் அதே மணி. மலை பங்களா, அதிகாரி குவார்ட்டர்ஸ், காருக்குக் கடன், எல்லாம் பதவியோடு சேர்ந்து வந்தன. வெள்ளைக்காரனுக்கு மட்டும் ஏன் என்று கேட்டவர்கள், எவனுக்கும் ஏன் என்று கேட்கவில்லை. நான் சேர்ந்த ஆபீஸிலும் அழைப்பு மணி இருந்தது.

மே 15, இரவு

"தோட்டத் தமிழனையும் ரயில் தண்டவாளத் தமிழனையும் விட்டுவிட்டு அதிகாரி கதையே எழுதுகிறீர்கள்" என்று ஈப்போ தம்பி திட்டியிருக்கிறார். சரியான திட்டு. அவருடைய முதல் கேள்விக்கும் இதில்தான் பதில் இருக்கிறது.

அரசாங்கத்தில் தமிழர்கள் நிறைய இருந்தது பெரும்பாலும் நாள்கூலியில். ரயில்வே, பொதுப்பணி, நகராண்மை. தண்டவாளம் பராமரித்தவர், ரோடு போட்டவர், சாக்கடை அள்ளியவர். மலாயனைசேஷன் அறிக்கைகள் பேசியது முதல் பிரிவு அதிகாரிகளைப் பற்றி, இவர்களைப் பற்றி அல்ல. இவர்கள் நாற்காலியில் உட்கார்ந்து பார்த்திராதவர்கள். 1962ஐ எடுத்துக்கொள்ளுங்கள். பேங்க் நெகாரா உள்ளூர்க் கவர்னரிடம் வந்த அதே வருஷம் டிசம்பரில் ரயில்வேகாரர்கள் வேலைநிறுத்தம் செய்தார்கள். முக்கியமான கோரிக்கை என்ன? நாள்கூலிக்காரர்களை மாதச் சம்பளத்தில் எடு. சுதந்திரம் வந்து ஐந்து வருஷம் கழித்து, மழைக்கு லீவு போட்டால் கூலி போகிறவர்கள். ரயில் நின்றது, கடைசியில் ஜெயித்தார்கள்.

உங்கள் தாத்தா எங்கே, என்ன வேலை பார்த்தார் என்று கேட்டு எழுதுங்கள். பே ஸ்லிப், யூனியன் கார்டு ஏதாவது இருந்தால் படம் எடுத்துப் போடுங்கள். இந்தப் பக்கத்தில் கிராணி வீட்டுக் கதை போதுமான அளவு ஆகிவிட்டது.

மே 16

ஹாங்காங் பற்றி எழுதச் சொல்லிக் கேட்பவர்களுக்கு: 1989இல் முதல் சீனப் போலீஸ் கமிஷனர், 1993இல் முதல் சீனத் தலைமைச் செயலாளர், அதுவும் ஒரு பெண்மணி. 1997இல் சீனாவிடம் ஒப்படைத்துக் கடையைக் கட்ட நாலு வருஷம் இருக்கும்போது. எனக்கு அதற்கு மேல் எழுதப் பொறுமையில்லை, யாராவது எடுத்துக்கொள்ளுங்கள்.